யாரும் தொடாத தண்ணி

வீடு பாக்க வந்தீங்களா? மூணாவது மாடியில காலியா இருக்கே, அதானே? அப்ப உக்காருங்க. சாவி என்கிட்ட இல்ல. முன்னாடி மளிகைக் கடை வெச்சிருக்காரே சம்சுதீன் பாய், அவர்கிட்ட இருக்கு. தொழுகைக்குப் போயிருக்காரு, வந்துடுவாரு. பாப்பாவை அந்தப் படியில உக்கார வைங்க, தரை ஈரமா இருக்கு. பூண்டு வாடை அடிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்கங்க. மூட்டையாக் கொண்டாந்து போட்டுட்டுப் போறான். சாயங்காலத்துக்குள்ள உரிச்சுக் குடுக்கணும். நகக்கண்ணெல்லாம் எரியுது. என்ன பண்றது, உக்காந்த எடத்துல கெடைக்கிற வேலை இதுதான்.

முன்னெல்லாம் இந்த பிளாக்ல யார் வீட்டைப் பூட்டிட்டுப் போனாலும் சாவி என்கிட்டதான் இருக்கும். தேசம்மாகிட்ட குடுத்தாச்சுன்னா கவலை இல்லம்பாங்க. தேசம்மாங்கறது நான்தான். ரூபியும் என்கிட்டதான் குடுத்துட்டுப் போவா. ரூபின்னா நீங்க பாக்கப் போற வீட்ல இருந்தவ. போன மாசம் காலி பண்ணிட்டுப் போனா. இதே எடத்துல, இதே ஸ்டூல்ல நான் உக்காந்திருக்கேன். பீரோவை எறக்குறாங்க, கட்டிலை எறக்குறாங்க, நான் பாத்துக்கிட்டே இருக்கேன். கடைசியா அவ எறங்கி வந்தா. கையில சாவி. என்னைத் தாண்டி நேரா கடைக்குப் போயிட்டா. ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அதுதான் மனசு ஆறலை. வேற ஒண்ணும் இல்ல.

தண்ணி எப்படின்னு கேக்குறீங்க. கேக்க வேண்டியதுதான். பைப்பெல்லாம் இருக்கும்மா. எல்லா வீட்லயும் இருக்கு, அடுப்படியில ஒண்ணு, பாத்ரூம்ல ஒண்ணு. தண்ணிதான் இல்ல. மோட்டார் ஓடினா அதிசயம். லாரி வரும். எப்ப வரும்னு அந்த டிரைவருக்கே தெரியாது. ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. வந்தா ஓடணும், புடிக்கணும், மூணு மாடி தூக்கணும். லிப்ட்டா? இருக்கு, அதுவும் இருக்கு. அதுக்குள்ள பாய் வெங்காயம் வெச்சிருக்காரு.

அதனால எல்லா வீட்லயும் டிரம்தான். அடுப்படியில டிரம், பாத்ரூம்ல டிரம், கட்டிலுக்கடியில குடம். நீங்களும் வாங்கணும். உங்களைப் பயமுறுத்தலை, இருக்கறதைச் சொல்றேன்.

நான் தண்ணியைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்குப் பட்டது அப்படி.

எங்களை ஆத்தோரத்துக் குடிசையிலேர்ந்து கவர்மெண்ட்ல ஏத்திக்கொண்டாந்து இங்க விட்டாங்க. எங்க வீட்டுக்காரர் கன்னியப்பன் மார்க்கெட்ல மூட்டை தூக்குறவர். இங்கேர்ந்து மார்க்கெட்டுக்கு ரெண்டு பஸ் மாறணும். மொத வெயில் காலம். பஸ் ஏறப் போனவரு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு ஸ்டாப்புலயே உக்காந்துட்டாரு. உக்காந்தவரு உக்காந்தவர்தான். தூக்கியாந்து கீழ, இந்தப் படிக்கட்டு முன்னாடிதான் கெடத்தினாங்க. குளிப்பாட்டணும். லாரி வந்து எத்தனையோ நாளாச்சு. எவ வீட்லயும் தண்ணி இல்ல. இருந்தவளும் கதவைத் திறக்கலை. நான் குத்தம் சொல்லலைம்மா. புள்ளைங்க குடிக்க வெச்ச தண்ணியைப் பொணத்துக்கு ஊத்துன்னு நான் எப்படிக் கேப்பேன்?

அவர் கூட்டாளிங்க ஓடிப்போயி, ஒயின்ஷாப் வாசல்ல விக்கிறானே தண்ணி பாக்கெட்டு, அதை மூட்டையா வாங்கியாந்தாங்க. ஒவ்வொண்ணா பல்லால கடிச்சு அவர் மேல பீச்சினாங்க. மொகத்துல ஒண்ணு, நெஞ்சுல ஒண்ணு. ஒருத்தனுக்கு அழுகையில பல்லு புடிக்கலை, பாக்கெட்டு வழுக்கிக்கிட்டே இருக்கு. காலுக்கு வர்றதுக்குள்ள தீந்துடுச்சு. ஊரெல்லாம் நடந்த காலு. புழுதியோட அனுப்பினேன்.

அதுக்கப்பறம்தான் நான் எல்லாரையும் கூட்டி வெச்சுப் பேசினேன். "இன்னைக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு. ஒரு டிரம் வாங்கி பொதுவுல வெப்போம். படிக்கட்டுக்கு அடியில இருக்கட்டும். யாரும் தொடக் கூடாது. சாவு விழுந்தாத்தான் திறக்கணும்"னு சொன்னேன். யாரும் மறுக்கலை. பெரிய நீல டிரம்மு ஒண்ணு வாங்கினோம். மேல பிளைவுட் பலகை. ஓரத்துல கொஞ்சம் ஒடைஞ்சிருக்கும், ஆனா பலகை பலகைதானே. அதுக்கு முன்னாடி பழைய பிளக்ஸ் பேனரைத் தொங்கவிட்டோம். பாத்துக்குற பொறுப்பு என்கிட்ட.

எத்தனை பேரு என்னை ஏச்சுப் பாத்திருக்காளுங்க தெரியுமா. "யக்கா, கொழம்பு அடி புடிக்குது, ஒரே ஒரு சொம்பு"ன்னு வருவா அம்புஜம். "சாவுக்கு வெச்ச தண்ணியிலயாடி கொழம்பு வெப்ப?"ன்னா ஓடிப்போயிடுவா. அவ மருமகளுக்குச் சீமந்தம் வந்தப்பகூட நான் அசையலை. ஒரு மாசம் என்கிட்ட பேசலை. அப்பறம் அவ மாமனார் போனாரு. அப்ப பலகையைத் தூக்கிக் குடம் குடமா மோந்து குடுத்தேன். என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. இந்த பிளாக்ல யார் போனாலும் தலையிலேர்ந்து கால் வரைக்கும் நல்லபடியாக் குளிச்சுட்டுத்தான் போனாங்க. நடுவுல மாசக்கணக்கா சும்மாதான் இருக்கும். இருந்தா என்ன? தண்ணி என்ன சோறா, ஊசிப் போறதுக்கு?

பாப்பா பேரு என்ன? நல்ல பேரு. சொறியாதடா கண்ணு, பெரிசாயிடும்.

அப்பத்தான் இந்தக் கொசு மருந்துப் புள்ளை வர ஆரம்பிச்சா. மோனிஷான்னு பேரு. கையில டார்ச், தோள்ல பை, எதையோ தொலைச்சுட்ட மாதிரியே மொகம். ஒவ்வொரு வீடா நுழைஞ்சு டிரம்முக்குள்ள டார்ச் அடிப்பா. புழு இருந்தா கவுக்கச் சொல்வா, இல்லேன்னா மருந்து ஊத்துவா. தூக்கிச் சுமந்த தண்ணியை யாரு கவுக்க விடுவா? திட்டுவாளுங்க. இவ நின்னுக்கிட்டு, "ஸாரிக்கா, ஸாரிக்கா"ம்பா. ஒரு தடவை மூணாவது மாடியிலேர்ந்து அழுதுக்கிட்டே எறங்கினா. நான்தான் கூப்பிட்டு உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தேன்.

"என்னடி படிச்சிருக்க?"

"பி.எஸ்சி., பெரியம்மா."

"அதைப் படிச்சுட்டா கொசுப் புழு தேடுற?"

"எங்க வீட்ல நான்தான் மொத டிகிரி. வேற வேலை கெடைக்கற வரைக்கும்தான்." டீயை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டிருந்தா.

"கொசு எங்கேர்ந்து வருதுன்னு உங்க டிகிரியில சொல்லலையா? அதோ பாரு கால்வாய். தைரியம் இருந்தா அதைப் போய்க் கவுத்துட்டு வா."

சுத்தி இருந்தவளுங்க எல்லாம் சிரிச்சாங்க. அவளுக்குக் காதெல்லாம் சிவந்துபோச்சு. ஆனாலும் விடலை. "இல்ல பெரியம்மா. டெங்குக் கொசு சாக்கடையில முட்டை போடாது. நல்ல தண்ணியிலதான் போடும். ரொம்ப நாள் எடுக்காம வெச்ச தண்ணி. பகல்ல கடிக்கும்."

"அடேயப்பா! நமக்கே கெடைக்காத நல்ல தண்ணி அதுக்குக் கேக்குதா?"ன்னேன். அவளும் சிரிச்சுட்டா. நல்ல புள்ளைதான்.

போறப்ப பேனரைப் பாத்தா. "அதுக்குப் பின்னாடி என்ன இருக்கு பெரியம்மா?"

"ஒடைஞ்ச சாமான். கை விடாத, பாம்பு இருக்குது."

ரெண்டடி பின்னாடி போயிட்டா. பொய் சொன்னேனேன்னு கேப்பீங்க. அது பொய்யா? பொறுப்புன்னு ஒண்ணை ஏத்துக்கிட்டா காப்பாத்த வேணாமா? ஒருத்திக்காகத் திறந்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. அப்பறம் ஒவ்வொரு தடவையும் வந்து, "பாம்பைப் புடிக்க யாருக்காவது சொல்லட்டுமா பெரியம்மா?"ன்னு கேப்பா. பாவம். "அது பாட்டுக்கு இருக்கட்டும், அது யாரையும் ஒண்ணும் பண்ணாது"ன்னு அனுப்பிடுவேன்.

போன மழைக்கு அப்பறம் வந்துச்சு பாருங்க காய்ச்சல். ஒரு வீடு விடலை. எனக்கும்தான். எலும்பெல்லாம் யாரோ உலக்கையால இடிச்ச மாதிரி. கண்ணைத் திருப்ப முடியாது. எழுந்ததும் மறுபடி இங்கதான் வந்து உக்காந்தேன், பூண்டு யாரு உரிப்பா? அடுத்த பிளாக்ல அவ்வளவா இல்ல. எதிர் பிளாக்ல ஒண்ணு ரெண்டு. எங்க படிக்கட்டுல ஏறி எறங்குறவங்களுக்குத்தான் மாத்தி மாத்தி வந்துச்சு. கண்ணு பட்டுடுச்சும்மா. எங்க பிளாக் மாதிரி ஒத்துமை இங்க எந்த பிளாக்லயும் கெடையாது. அதான்.

ரூபிக்கு ஒரே பொண்ணு. பெனிட்டான்னு பேரு, ரெண்டாங்கிளாஸ். அவ புருஷன் மோசஸ் பெயின்டர், ரூபி ஐ.டி. கம்பெனியில ஹவுஸ்கீப்பிங். ரெண்டு பேரும் வர்றதுக்கு இருட்டிடும். ஸ்கூல் விட்டதும் பெனிட்டா என்கிட்டதான் இருக்கும். இதோ இங்க, எனக்குப் பின்னாடி பேனர் ஓரமா சாக்கை விரிச்சுக் குடுப்பேன், காத்து வரும். உக்காந்து எழுதும். எனக்குப் பூண்டு உரிச்சுக் குடுக்கும், அதுல பாதியை நசுக்கிடும். கால்ல கொசு புடுங்கிக்கிட்டே இருக்கும் அதுக்கு. "ஆயா, கடிக்குது"ன்னு சொன்னா என் முந்தானையைப் போத்திவிடுவேன். எனக்குப் புள்ளை குட்டி கெடையாது. அது வந்து உக்காந்தப்பறம்தான் எனக்குச் சாயங்காலம்னு ஒண்ணு இருந்துச்சு.

அதுக்குக் காய்ச்சல் வந்துச்சு. கொதிக்குது. முனையில இருக்கற டாக்டர் ஊசி போட்டாரு. நான் நிலவேம்புக் கஷாயம் வெச்சுக் குடுத்தேன், பப்பாளி எலைச் சாறு புழிஞ்சு குடுத்தேன், வாயைக் கோணிக்கிட்டுக் குடிச்சுது. காய்ச்சல் விட்டுச்சு. ஆனா புள்ளை எழுந்திரிக்கலை. வயிறு வலிக்குதுங்குது, குடிச்சதை வாந்தி எடுக்குது.

"பெரியம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடவா?"ன்னு ரூபி கேட்டா.

"காய்ச்சல்தான் விட்டுடுச்சே. அங்க கொண்டுபோய் வரிசையில போட்டு அலைக்கழிக்கணுமா? கஞ்சித் தண்ணி குடு. தூங்கட்டும்."

அன்னைக்கு முழுக்க நான்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன், ரூபி மத்தியானத்துக்கு மேல வேலைக்குப் போயிட்டா, லீவு போட்டா ஆளை மாத்திடுவாங்க. மறுநாள் காலையில கையும் காலும் சில்லுன்னு ஆயிடுச்சு. அப்பறம்தான் ஆட்டோ புடிச்சு ஓடினாங்க. ரத்தத்துல என்னமோ கொறைஞ்சுபோச்சுன்னாங்க, நேத்தே கொண்டாந்திருக்கக் கூடாதான்னாங்க. ஆஸ்பத்திரின்னா அப்படித்தான் சொல்வாங்க, எப்பப் போனாலும் நேத்து வந்திருக்கணும்பாங்க. பெனிட்டா வீட்டுக்குத் திரும்பி வரலை. அதாவது... வந்துச்சு. துணியில சுத்தி மோசஸ் தோள்ல போட்டு எடுத்தாந்தான், தூங்குற புள்ளையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி.

அன்னைக்குன்னு பாத்து லாரி இல்ல. மழையில ரோடு உள்வாங்கிடுச்சுன்னு நிறுத்திட்டாங்க. மோசஸோட தம்பி குடத்தைத் தூக்கிக்கிட்டுப் பைத்தியக்காரன் மாதிரி பிளாக் பிளாக்கா ஓடுறான். நான்தான் புடிச்சு நிறுத்தினேன். "எதுக்குடா ஓடுற? நான் எதுக்கு இருக்கேன்?"ன்னேன்.

பேனரை விலக்கிப் பலகையைத் தூக்கினேன். குப்புன்னு கொசு மூஞ்சியில அடிச்சுக்கிட்டு வெளிய போச்சு. டிரம்மு தளும்பத் தளும்ப நெறைஞ்சிருந்துச்சு. மேலாக்க நெளிஞ்சுக்கிட்டிருந்துச்சு, சின்னச் சின்னதா. மாசக்கணக்கா நின்ன தண்ணில நெளியாம என்ன செய்யும்? பச்சப் புள்ளை மேல அதை அப்படியே ஊத்துவேனா நான்? வீட்ல புதுத் துண்டு ஒண்ணு இருந்துச்சு. அதைக் குடத்து வாயில கட்டி, வடிகட்டி வடிகட்டி எடுத்தேன். துண்டுல கறுப்பா சேந்துடும். ஒதறிட்டு மறுபடி கட்டுவேன்.

ரூபி பக்கத்துல வந்து நின்னா. அதுவரைக்கும் தலையில அடிச்சுக்கிட்டு அழுதவ, அப்படியே நிறுத்திட்டா. துண்டையே பாக்குறா. அப்பறம் டிரம்மைப் பாக்குறா. அதுக்குப் பக்கத்துல சுருட்டி வெச்சிருந்த சாக்கைப் பாக்குறா. மோசஸ் கூப்பிடுறான், காதுல விழலை. குனிஞ்சு, துண்டுல நெளிஞ்சதை ஒரு விரலால தொட்டா.

"இது எத்தனை நாளா இப்படி இருக்கு?"ன்னு கேட்டா. என்கிட்ட அவ கடைசியாப் பேசினது அதுதான்.

"பயப்படாத, சுத்தமான தண்ணி, யாரும் தொட்டதில்ல"ன்னு சொன்னேன். துக்கத்துல அப்படித்தான் புத்தி எங்கெங்கயோ போகும். எங்க வீட்டுக்காரர் போனன்னைக்கு நானும் அப்படித்தானே இருந்தேன், எவன் எவன் செருப்புப் போட்டிருக்கான்னு பாத்துக்கிட்டிருந்தேன்.

தலையிலேர்ந்து கால் வரைக்கும் நான்தான் குளிப்பாட்டினேன். காது மடல், கால் விரல் இடுக்கு, ஒண்ணு விடலை. கையில பூண்டு வாடை அடிக்கக் கூடாதேன்னு சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தொட்டேன். கணுக்கால்ல கொசு கடிச்ச தடிப்பு அப்படியே இருந்துச்சு. சொல்லக் கூடாது, ஆனா உங்ககிட்ட சொல்றேன், மனசுக்குள்ள ஒரு நிம்மதி. ஒரு புள்ளையை முழுசா அனுப்பினோம்னு. அன்னைக்குத் தண்ணிக்கு யாரும் அலையலை.

மண்ணெடுத்துப் போட்டு வந்து நாலஞ்சு நாள்ல, மோனிஷா வந்தா. கூட அவளுக்கு மேல இருக்கற ஒரு ஆளு, வெள்ளைச் சட்டை. யார் சொன்னாங்களோ, நேரா பேனர்கிட்ட வந்துட்டாங்க. அவதான் விலக்கினா. பலகையைத் தூக்கி டார்ச் அடிச்சா. டார்ச்சை அணைச்சுட்டு என் பக்கம் திரும்பினா.

"பாம்பு இருக்குன்னீங்களே பெரியம்மா."

அவ்வளவுதான். அந்தாளு கவுத்துடுன்னாரு. தனியா அசைக்க முடியலை, தோளைக் குடுத்துத் தள்ளினா. அழுதுக்கிட்டே தள்ளினா. தண்ணி தெருவரைக்கும் ஓடிச்சு. எனக்குத் தாங்கலை. யார் யாரோ தூக்கிச் சுமந்த தண்ணி, பெனிட்டாவுக்கு ஊத்தினது போக மீதி. போற வர்றவன் எல்லாம் மிதிச்சுக்கிட்டுப் போறான்.

"அன்னைக்கே நான் பாத்திருக்கணும்"ன்னு அவ தனக்குத்தானே சொல்லிக்கிட்டிருந்தா.

"நீ என்னடி பண்ணுவ, கால்வாய் அவ்வளவு பெருசு"ன்னு தேத்தினேன். என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க. வேலையை விட்டுட்டாளாம். இப்ப வேற ஒரு பையன் வர்றான். வாசல்லயே நின்னு, "எல்லாம் சரியா?"ன்னு கேட்டுட்டுப் போயிடுவான். தொந்தரவு இல்ல.

என் காது படவே சிலதுங்க பேசுதுங்க, அந்தத் தண்ணியாலதான்னு. தண்ணியாலயா சாவாங்க? இதே அம்புஜம், என் கையைப் புடிச்சு அழுதவ, இப்ப படியிறங்கறப்ப மூக்கைப் பொத்திக்கிட்டு எறங்குறா. என்னவோ பேசிட்டுப் போகட்டும். எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லம்மா. அந்தக் காய்ச்சலுக்கு அப்பறம் முழங்கால் ரெண்டும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது.

நீங்க ஏன் பாப்பாவை மடியில தூக்கி வெச்சுக்கிட்டீங்க? புள்ளை செத்த வீடுன்னு யோசிக்கிறீங்களா? முன்னாடி பாக்க வந்தவங்களும் இப்படித்தான் திடீர்னு எழுந்து போயிட்டாங்க. புள்ளை ஆஸ்பத்திரியில போச்சும்மா. வீட்ல ஒரு தோஷமும் இல்ல. நல்ல வெளிச்சமான வீடு. நீங்க வந்தா பாப்பாவை என்கிட்ட விட்டுட்டு நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போகலாம். நான் பாத்துக்குவேன்.

டிரம்மா? இருக்கே. இல்லாம எப்படி? பிளாக் சங்கத்துப் பசங்ககிட்ட கெஞ்சிக் கூத்தாடி மறுபடி நெறப்பியாச்சு. படிக்கட்டுக்கடியில வெச்சா கண்ணுல படுதுன்னு மேல மாத்திட்டேன். மூணாவது மாடியில, அந்த வீட்டு வாசலை ஒட்டின மாதிரி ஒரு மூலை இருக்கு. வீடு காலிதானே, யாருக்கும் எடைஞ்சல் இல்ல. நீங்க வந்தாலும் எடைஞ்சல் இருக்காது, ஒரு ஓரமா இருக்கும். பக்கத்துலயே நீங்க இருந்தா அதுக்கும் ஒரு காவல்.

ஒரே ஒரு வழக்கம் இருக்கு, முன்னாடியே சொல்லிடறேன். புதுசா குடிவர்றவங்க மொத லாரித் தண்ணியில ஒரு குடம் அதுல ஊத்தணும். கட்டாயம் இல்ல. எல்லாரும் ஊத்தியிருக்காங்க. ஊத்தினா அதுல உங்களுக்கும் பங்கு. ரூபி குடிவந்தன்னைக்கு, பெனிட்டா அப்ப கைக்குழந்தை, இடுப்புல புள்ளையை வெச்சுக்கிட்டு இன்னொரு இடுப்புல குடத்தோட வந்தா. நான் புள்ளையை வாங்கிக்கிட்டேன். அவ ஊத்தினா.

அவ புள்ளையைக் குளிப்பாட்ட அவ ஊத்தின தண்ணியும் சேந்துதான் வந்துச்சு. வேற யாரோடதோ இல்ல. அதை அவகிட்ட சொன்னா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அவ நின்னாத்தானே சொல்றதுக்கு.